ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு

தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அதிபர் ஐயா அவர்களே, உப்புவெளியிலிருந்து மழையில் நனைந்து வந்த கவிஞர்களே, சஞ்சிகைக் குழுப் பிள்ளைகளே, சூடாகத் தேநீர் தந்த அம்மாமாரே, வணக்கம். நன்றி சொல்ல வேண்டியவர்களின் பட்டியலைத் தலைவர் கையில் தந்திருக்கிறார். வாசித்தால் அதுவே ஒரு சஞ்சிகை.

சஞ்சிகைப் பக்கத்தை அமைக்கும்போது கவனிக்க வேண்டிய எழுத்து, இடைவெளி, படம் மூன்றையும் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள்; பக்கம் கட்டுகிறவருக்கென்றே சொன்ன மாதிரி இருக்கிறது. நடுவில் மடித்துக் கம்பி அடிக்கும் சஞ்சிகையில் பக்கங்கள் நான்கின் மடங்காகத்தான் வரும். 30 பக்கத்துக்கு விடயம் சேர்ந்தால் இன்னும் இரண்டு எழுதுங்கள், இல்லையேல் யாருடைய கவிதையையாவது வெட்டிப் பகை தேடுங்கள்.

தமிழ்ச் சொல் நீளம். ஏ4 பக்கத்தை நெடுக்காக மூன்று பத்தியாகப் பிரித்து இரு ஓரமும் நேராக்கினால், ‘கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு’ ஒரு வரியை முழுதாகப் பிடித்துக்கொள்ளும். அடுத்த வரியில் இரண்டு சொல் ஆளுக்கொரு கரையில் நிற்கும். நடுவே தோணி விடலாம். இரண்டு பத்தி போதும். எழுத்தின் அளவு 11 புள்ளி (பாயிண்ட்) என்றால் வரிக்கு வரி 15, 16 விடுங்கள். மேல்வரி ‘கு’வின் வால் கீழ்வரி ‘கீ’யின் சுழியில் இடிக்கக் கூடாது.

ஒரு கதை. எங்கள் கோயில் மலருக்கு ஒரு வருடம் நான்தான் பக்கம் கட்டினேன். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டி, கோப்பை வெளியூர் அச்சகம் ஒன்றுக்கு அனுப்பினேன். எழுத்துருவைச் சேர்த்து அனுப்ப மறந்துபோனேன். அங்கே கணினியில் இருந்த தம்பிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. திருவிழா நெருங்கிவிட்டது, புரூஃப் பார்க்கவில்லை. 500 மலரும் பஸ்ஸில் வந்து இறங்கின. பிரித்தால், ‘அம்மா’ இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச்! மலர் முழுக்க அப்படி. ஒரு பெரியவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இது சமஸ்கிருதமோ?” என்றார். பக்கத்தில் நின்ற ஐயர் எட்டிப் பார்த்து, “அதுவும் இல்லை” என்று கையை விரித்தார்.

ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி போட்டதுதான் பாமினி. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடில் ‘அ’ எந்தக் கணினியிலும் ‘அ’. அளந்து போட்ட பக்கம் அடுத்த கணினியில் அழிந்தால் அளந்து என்ன பயன்? பிள்ளைகளே, இந்த இதழிலிருந்தே யுனிகோடுக்கு மாறுங்கள்.

படம்... தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அட்டைக்குப் போடாதீர்கள், அவ்வளவுதான்.

பழைய பாமினிக் கோப்பு வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பிடியுங்கள், மாற்றித் தருகிறேன். மாற்றிய பிறகு ஔவையாரை மட்டும் தேடிப் பாருங்கள். பாமினியில் ‘ஔ’வுக்கு ‘ஒ’வையும் ‘ள’வையும் சேர்த்துத் தட்டியிருப்போம், கிழவி ‘ஒளவை’யாக நிற்பாள்.