அளந்து போடுகிறவர்களிடம் ஒரு விண்ணப்பம்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மாவட்ட நிர்வாகத்தின் சார்பில் வந்திருக்கும் அதிகாரிகளே, தம் செலவில் இந்தப் பந்தலைப் போட்டுத் தந்த நாட்டுப்படகு மீனவர் சங்கத்தாரே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கடற்பாசி எடுக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். கடலைக் காக்கும் செலவு, கலையைக் காக்கும் செலவு, இரண்டுக்கும் பணத்தைப் பங்கிடும் முறை என மூன்று செய்திகளைச் சொல்ல வந்தேன். "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பார் என் அப்பத்தா.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986இல் தேசியப் பூங்காவாயின. சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் பவளப்பாறையை வெட்டியபோது கல்லுக்கு விலை போட்டோம். அந்தப் பாறை அலையைத் தடுத்து நின்ற உழைப்புக்கு எவரும் விலை போடவில்லை. பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய தீவுகள் இன்று நீருக்கடியில் கிடக்கின்றன. தீவுப் பக்கம் போகக்கூடாது என்ற கட்டுப்பாட்டால் கூலியை இழந்தவர்களோ, இதோ முன்வரிசையில் இருக்கும் பெண்கள். அதுவும் செலவுதான், அதையும் அளந்திருக்க வேண்டும்.

கடலில் விரித்த கரைவலையைக் கரையில் நின்று கயிற்றால் இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டைப் பதிவு செய்ய, மண்டபம் பக்கத்துக் குப்பம் ஒன்றில் முதியவர் ஒருவரிடம் சென்றிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்தார், தொண்டையைச் செருமினார், இரண்டு அடி பாடினார். மூன்றாவது அடி வரவில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்தோம், வரவில்லை. மருமகள் அடியெடுத்துக் கொடுத்துப் பார்த்தார், அப்போதும் வரவில்லை. "கயிறு இல்லாமல் எப்படித் தம்பி பாட்டு வரும்?" என்று கேட்டார். பேரன் ஓடிப்போய்ப் பழைய வலைக்கயிற்றைப் பூவரச மரத்தில் கட்டி, மறுமுனையைத் தாத்தாவின் கையில் கொடுத்தான். குதிகாலை மணலில் ஊன்றி அவர் இழுத்த இழுப்பில் ஏலேலோ எழுந்தது. பக்கத்து வீட்டார் எட்டுப் பேர் தாமாக வந்து கயிற்றைப் பிடித்தார்கள். முக்கால் மணி நேரம் பாட்டு நிற்கவில்லை.

கடலுக்கு ஒதுக்கும் பணமும் கலைக்கு ஒதுக்கும் பணமும் ஒன்றையொன்று தின்னும் என்பவர்கள் அந்தக் கயிற்றைப் பார்த்திருக்க வேண்டும். வலை இழுக்க மீன் இல்லாமல் போனால், அம்பாவுக்கு எத்தனை விருது கொடுத்தும் பயனில்லை.

பங்கிடும் முறையை விரிக்க நேரமில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாளில், மீனவர்களுக்குத் தரும் நிவாரணத்தில் கை வைக்காமல், கலைக்கான நிதியிலிருந்து அம்பாப் பாடகர்களுக்கு நாட்கூலி கொடுத்துக் குப்பந்தோறும் பதிவு செய்யுங்கள். அளந்தே போடுங்கள், ஆனால் இந்த ஆண்டே போடுங்கள். 43 பேர் கையொப்பமிட்ட மனுவை இப்போது தலைவர் அவர்களிடம் தருகிறேன்.