யாருடைய குப்பை?

நேயர்களுக்கு வணக்கம். நகரத்தில் வசதியற்ற மக்களுக்குப் பசுமை வேலைவாய்ப்பு என்பது எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. பசுமை வேலை என்றாலே கூரைமேல் சோலார் பேனல் மாட்டுவது, மின்சார ஆட்டோ ஓட்டுவது, மாடித்தோட்டம் போடுவது என்றுதான் பேச்சு போகிறது. அவற்றுக்கும் வருகிறேன், நேரம் இருந்தால். அதற்கு முன்னால், யாரும் உருவாக்கித் தராமலே இந்த வேலையை முப்பது, நாற்பது வருஷமாகச் செய்துகொண்டிருப்பவர்களைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

இன்று காலை உங்கள் வீட்டில் பால் கவரைக் கத்தரித்திருப்பீர்கள். அதைக் கழுவிக் காயவைத்துச் சேர்த்து வைக்கிற வீடும் உண்டு. காய்கறித் தோல், காபிச் சக்கை எல்லாவற்றோடும் சேர்த்து முடிச்சுப் போட்டு வீசுகிற வீடும் உண்டு. அப்படி வீசிய கவரும் பல நேரம் காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. எப்படி? நடுவில் ஒருவர், விடிவதற்கு முன்னாலேயே தோளில் சாக்கோடு வந்து அந்த முடிச்சை அவிழ்த்திருக்கிறார். அந்த ஒருவர் பெரும்பாலும் ஒரு பெண்.

வடசென்னையில் எனக்குப் பழக்கமான ஓர் அக்கா இருந்தார். கொடுங்கையூர் குப்பை மேட்டில் பொறுக்கிப் பிள்ளைகளை வளர்த்தவர். பிளாஸ்டிக்கைக் கண்ணால் மட்டும் பார்த்துப் பிரிக்கமாட்டார். கசக்குவார், நகத்தால் சுண்டுவார், அவ்வளவுதான். "இது பால் கவர் ஜாதி, மெத்துன்னு இருக்கும், நல்ல காசு. இது நொறுநொறுன்னு சத்தம் போடுது பாரு, இதுக்குக் கம்மி. உள்ளே வெள்ளியா மின்னுதே, சிப்ஸு கவரு, இதை எவனும் வாங்கமாட்டான், தூக்கிப் போடு." உடைந்த வாளி ஒரு குவியல், உடைந்த நாற்காலி வேறு குவியல். இரண்டையும் கலந்தால் கடைக்காரர் விலையைக் குறைப்பார். ஈரமாக இருந்தால் எடையிலேயே கழிப்பார். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கருவி வைத்துச் செய்கிற காரியம் இது. படிக்காத அந்த அம்மா விரல் நுனியில் வைத்திருந்தார். இப்படிப்பட்டவர்களுக்குத் 'திறன் பயிற்சி' கொடுக்கப்போகிறோம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். அவர்களிடம் இல்லாதது திறன் அல்ல. குப்பைமேல் உரிமை இல்லை. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த உரிமையை ஓர் ஊர் பெற்றுக் காட்டியிருக்கிறது. அது புனே. 1990-களின் தொடக்கத்தில் அங்கே எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், குப்பை பொறுக்கும் பெண்களுக்கு எழுத்தறிவு வகுப்பு நடத்தப் போனார்கள். அந்தப் பெண்களுக்கோ எழுத்தைவிட அவசரமானது நல்ல குப்பை. தொட்டியில் இறங்கிக் கிளறாமல், வீடுகளில் பிரித்து வைத்ததை நேராகக் கையில் வாங்க முடிந்தால் பாதி நேரம் மிச்சம், காசும் கூட. அதற்கு ஏற்பாடு ஆயிற்று. நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, அதே பகுதிக்குள் ஒரு தனியார் வண்டி நுழைந்து குப்பையை அள்ளத் தொடங்கியது. வண்டியை அனுப்பியவர் கெட்டவர் இல்லை, தொழில் செய்ய வந்தவர். ஆனால் அன்றைக்குத்தான் அந்தப் பெண்களுக்குப் புரிந்தது, நம்முடையது என்று நாம் நினைத்திருந்த குப்பை நம்முடையது இல்லை என்று.

சங்கம் கட்டினார்கள். ஹமால் பஞ்சாயத்து என்று சுமை தூக்குவோர் சங்கம் நடத்திவந்த பாபா ஆடவ் துணை நின்றார். 1993-இல் பிறந்த அந்தச் சங்கத்தின் பெயர் காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்து. காகிதம், கண்ணாடி, தகரம் பொறுக்கிப் பிழைக்கும் உழைப்பாளிகளின் பஞ்சாயத்து. உறுப்பினர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். சில ஆண்டுகளில் மாநகராட்சியே ஒப்புக்கொண்ட அடையாள அட்டை வந்தது. சாக்கோடு நடந்தாலே திருட்டுப் பழி விழுகிற தொழிலில், அந்த அட்டைக்கு என்ன மதிப்பு என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அதிலிருந்து வளர்ந்ததுதான் ஸ்வச் என்ற கூட்டுறவு. 2008-இல் புனே மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டார்கள். வீடு வீடாகப் போய்க் குப்பை வாங்குவார்கள். வீட்டுக்காரர் மாதக் கட்டணம் கொடுப்பார். மக்காத குப்பையைப் பிரித்து விற்கிற காசு, வீட்டிலிருந்து அதை வாங்கி வந்த தொழிலாளிக்கே. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் இருக்கிறார்கள். அங்கேயும் எல்லாம் சுகம் என்று சொல்லமாட்டேன். ஒப்பந்தம் முடிகிறபோதெல்லாம் புதுப்பிக்க இழுபறிதான், தனியார் நிறுவனத்துக்குக் கொடுத்துவிடலாமா என்ற பேச்சும் கூடவே வரும்.

சென்னையும் பின்தங்கிய ஊர் இல்லை. 1989-இல் எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா, தெருக்காரர்கள் மாதச் சந்தா போட்டு, குப்பை பொறுக்கியவர்களையே மூன்று சக்கர வண்டியோடு அமர்த்திக்கொள்ளும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. 'ஸ்ட்ரீட் பியூட்டிஃபையர்' என்று அவர்களுக்குப் பெயர். ஐம்பது வயது தாண்டிய நேயர்கள் பலருக்கு அந்த வண்டி நினைவிருக்கும். பிறகு 2000-த்திலிருந்து ஒவ்வொரு மண்டலமாகக் குப்பை அள்ளும் வேலை தனியார் நிறுவனங்களுக்குக் குத்தகைக்குப் போனது.

இங்கேதான் என் பழைய வழக்கு. இதை எங்கே பேசப் போனாலும் சொல்வேன், வீட்டில் சலித்துக்கொள்வார்கள். குப்பைக் குத்தகையில் டன்னுக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிற முறை ஒன்று உண்டு. மேட்டில் கொண்டுபோய்க் கொட்டுகிற எடைக்குப் பணம். யோசித்துப் பாருங்கள். ஈரக் குப்பை கனமாக இருக்கும், ஆகவே குத்தகைக்காரருக்கு அது நல்லது. இடிந்த கட்டடத்துக் கல் அதைவிட நல்லது. ஒரு பெண் வண்டியிலிருந்து பத்துக் கிலோ அட்டையை எடுத்தால், குத்தகைக்காரர் வருமானத்தில் பத்துக் கிலோ குறைகிறது. அவர் கணக்கில் அந்தப் பெண் திருடி! ஊருக்கு நல்லது செய்கிறவரை ஒப்பந்தத்தின் ஒரு வரி திருடியாக்கிவிடுகிறது. வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசி, பிரித்த பொருள் பிரித்தவருக்கே என்று எழுதிவிட்டால், மேட்டுக்குப் போகிற எடையைக் குறைப்பதில் அந்தப் பெண்ணுக்கே லாபம் இருக்கும். பெருங்குடி குப்பை மேடு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் அத்தனை உயரம் ஏறியதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம், எடைக்கூலியையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே, குப்பை சேகரிப்போரை உள்ளாட்சிகள் அடையாளம் கண்டு தங்கள் ஏற்பாட்டுக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதினார்கள். எழுதியதைக் குத்தகைப் பத்திரத்துக்குள் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். இன்னொன்றும் வேண்டும்: இடம். வார்டுக்கு ஒரு கொட்டகை, மேலே நிழல், தண்ணீர்க் குழாய், பெண்களுக்குக் கழிவறை. நடைபாதையில் உட்கார்ந்து பிரித்தால் கடைக்காரர் விரட்டுகிறார். வீட்டுக்குக் கொண்டுபோனால் ஒற்றை அறை வீடு, அதற்குள் சாக்கு மூட்டையும் பிள்ளையும். மாநகராட்சிக்குச் சொந்தமான காலியிடம் ஊரில் எத்தனை கிடக்கிறது!

நேரத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கைகாட்டுகிறார்கள். சோலாருக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன், சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். பேனல் மாட்டும் பயிற்சிகள் பலவற்றுக்கு ஐ.டி.ஐ. சான்றிதழ் கேட்கிறார்கள். சென்னைக் குடிசைகளிலிருந்து அகற்றியவர்களைக் குடியமர்த்திய கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் எட்டாம் வகுப்போடு நின்ற பையன்கள் வாசலிலேயே திரும்பிவிடுகிறார்கள். அவர்களுக்கு ஓர் அடிப்படை வகுப்பு, படிக்கிற மாதங்களுக்கு உதவித்தொகை, நகரத்துக்கு வந்துபோகப் பஸ் காசு, இந்த மூன்றும் வேண்டும். மாடித்தோட்டத்துக்கும் மட்கு உரத்துக்கும் இன்று நேரமில்லை. மக்கும் குப்பையை உரமாக்கும் நுண் உரக் கூடங்களில் வேலை செய்கிறவர்களைப் பற்றித் தனியாகவே ஓர் உரை வேண்டும்.

நாளைக் காலை குப்பை வாங்க வருகிறவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள், பிரித்துத் தருகிற அட்டையையும் பாட்டிலையும் விற்கிற காசு யாருக்குப் போகிறது என்று. வணக்கம்.