பழைய இசிசி88 வால்வு: அடிக்கண்ணாடியில என்ன எழுதியிருக்கு?

[காட்சி: மேசை விளக்கு வெளிச்சத்தில் கட்டைவிரல் அளவு வால்வு ஒன்று]

வணக்கம். டியூப்னு சொன்னா நமக்கு டியூப்லைட்தான் ஞாபகம் வரும். நான் சொல்றது பழைய ரேடியோ, டிவிக்குள்ள சிக்னலைப் பெருக்குற கண்ணாடிக் குழாயை. அதனால ரேடியோ ரிப்பேர்காரங்க சொல்ற மாதிரி வால்வுன்னே சொல்றேன்.

இது இசிசி88, அமெரிக்கப் பேரு 6டிஜே8. டிவி ட்யூனருக்காகப் பிறந்த வால்வு. இன்னைக்கு நிறைய ஹெட்ஃபோன் ஆம்ப்ல, அதாவது ஆம்ப்ளிஃபயர்ல, உட்கார்ந்திருக்கு.

மேல ஆரஞ்சு நிறத்துல ஆம்பரெக்ஸ்னு கம்பெனி பேரு அச்சு இருக்கு. அதை மட்டும் நம்பிக் காசு கொடுத்துடாதீங்க. இந்த மையை விரலால தேய்ச்சாலே போயிடும், யார் வேணும்னாலும் புதுசா அடிக்கலாம். அந்தக் காலத்துலயே கம்பெனிகள் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் வால்வு வாங்கி தன் பேரைப் போட்டு வித்திருக்காங்க. அது மோசடி இல்ல, வியாபாரம்.

[காட்சி: லென்ஸ் வழியாக அடிக்கண்ணாடி; டார்ச் வெளிச்சம் சாய்வாக]

இப்ப அடிப்பக்கம் பாருங்க. மங்கலா, சாம்பல் நிறத்துல ரெண்டு வரி. பிலிப்ஸ் குழும ஆலைகளோட குறி இது. முதல் வரி வால்வோட வகை. ஜிஏன்னு ஆரம்பிச்சா இசிசி88. 7எல்னா அதோட உயர்தர வடிவமான இ88சிசி, அதாவது 6922. ரெண்டாவது வரியில முதல்ல ஆலை: முக்கோணம்னா நெதர்லாந்தோட ஹீர்லன், ஆங்கில பி (B)-ன்னா இங்கிலாந்துல மல்லார்ட் கம்பெனியோட பிளாக்பர்ன். அடுத்த எண் வருஷத்தோட கடைசி இலக்கம். அதுக்கப்புறம் வர்ற ஆங்கில எழுத்து மாசம், ஏ-ன்னா ஜனவரி. முக்கோணம், 3, இ-ன்னு இருந்தா ஹீர்லன், மே மாசம். 1963-ஆ 1973-ஆன்னு உள்கட்டமைப்பைப் பார்த்துதான் முடிவு பண்ணணும்.

டெலிஃபங்கன்ங்கிற ஜெர்மன் கம்பெனி வால்வுன்னு சொல்லி வித்தா, ஊசிகளுக்கு நடுவுல கண்ணாடியிலேயே வார்த்த சின்ன வைர வடிவம் இருக்கான்னு பாருங்க. ரஷ்யாவோட கலூகா ஆலை வால்வுல ராக்கெட் படம் இருக்கும். இசிசி88-க்குப் பதிலா வர்ற அந்த 6என்23பி எனக்குப் பிடிச்ச வால்வு. ராக்கெட்டை அழிச்சு ஜெர்மன் பேரை ஒட்டி விக்கிறதுதான் எரிச்சல்.

ஆனா 6என்1பி-ங்கிற இன்னொரு ரஷ்ய வால்வை அதே இடத்துல சொருகிடாதீங்க. இசிசி88 சூடாக்கிக்கு 365 மில்லி ஆம்பியர் போதும், அது 600 கேக்கும். ட்ரான்ஸ்ஃபார்மர் தாங்கணும்ல?

[காட்சி: இரண்டு வால்வுகளின் தலைப்பகுதி, அருகருகே]

உச்சியில பளபளன்னு வெள்ளிப்பூச்சு இருக்கே, அது பேரியம். உள்ள மிச்சமிருக்கிற வாயுவை உறிஞ்சிக்கும். பால் மாதிரி வெளுத்திருந்தா காத்து புகுந்துடுச்சு, வால்வு செத்துப்போச்சு. ஆனா பூச்சு நல்லாயிருக்குங்கிறதால வால்வு புதுசுன்னு ஆயிடாது.

'டெஸ்ட்ல பாஸ்'னு சொன்னா, எந்த டெஸ்டர், அதுல புது வால்வு எவ்வளவு காட்டும்னு கேளுங்க. எவ்வளவு எலக்ட்ரான் வெளிவருதுங்கிற வெறும் எமிஷன் அளவு போதாது, உள்ள வர்ற மின்னழுத்தம் மாறும்போது மின்னோட்டம் எவ்வளவு மாறுதுங்கிற கடத்துதிறன் அளவு வேணும். உள்ள இருக்கிற ரெண்டு ட்ரையோடும், அதாவது ரெண்டு பெருக்கும் பகுதியும், கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டணும். பல ஆம்ப்ல ஒண்ணு இடது காதுக்கு, இன்னொண்ணு வலது காதுக்கு. வித்தியாசம் பெருசா இருந்தா பாடகர் நடுவுல நிக்காம ஒரு பக்கம் நகர்ந்துடுவார்.

[காட்சி: பென்சில், ரப்பர் முனை கீழ் நோக்கி]

கடைசி நீதிபதி காதுதான். பத்தடி தள்ளியிருக்கிற ஸ்பீக்கர்ல தெரியாத இரைச்சல் ஹெட்ஃபோன்ல காதுக்குள்ளயே வந்து உட்காரும். ஆம்பை அணைச்சு, ஆறவிட்டு வால்வை மாத்துங்க. ஆன் பண்ணும்போது ஹெட்ஃபோன் காதுல வேண்டாம், வால்யூம் குறைவாவே இருக்கட்டும். அரை மணி நேரம் சூடாகட்டும். பாட்டு எதுவும் போடாம கேளுங்க. 'ம்ம்ம்'னு ரீங்காரம் கேட்டா சூடாக்கியிலிருந்து, எலக்ட்ரானை வெளிவிடற கேத்தோடுக்கு மின்கசிவு இருக்கலாம். ரப்பர் முனையால கண்ணாடியை மெல்லத் தட்டுங்க. மெதுவா 'டொக்'னா பரவாயில்ல. மணி அடிச்ச மாதிரி நீண்டு ஒலிச்சா ஹெட்ஃபோனுக்கு அது ஆகாது.

இதையெல்லாம் ஃபோட்டோவுல கண்டுபிடிக்க முடியாது. அதனால காசு அனுப்புறதுக்கு முன்னாடியே விக்கிறவர்கிட்ட கேட்டுடுங்க: "இரைச்சல் இருந்தா திருப்பி எடுத்துப்பீங்களா?" பதில் இழுத்தார்னா அடுத்த ஆளைப் பாருங்க.