பேரு இல்லாதவளுக்கு யாரு பேசுவா?

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன் பேசி முடிச்சப்ப என்னை அறியாம நானும் கை தட்டிட்டேன், அவ்ளோ அழகா பேசினாரு, பேசின விஷயம்தான் தப்பு.

என்ன சொன்னாரு? சரித்திர நாவல்ல கற்பனை ஆளுங்கள கொண்டாந்து சொருகுறதால வரலாறே கெட்டுப் போச்சாம், பொன்னியின் செல்வன் படிச்சவன்லாம் அதுல வர்ற கற்பனைப் பொண்ணு நந்தினிய கல்வெட்டுல தேடுறானாம். தேடட்டுமேய்யா! அப்படி தேடிப் போனவன்தான் உடையார்குடி கல்வெட்டுல போய் முட்டிக்கிட்டு நின்னான். இல்லன்னா அது காட்டுமன்னார்கோயில்ல ஒரு கோயில் சுவத்துல பாட்டுக்கு இருந்திருக்கும், நாலு ஆராய்ச்சிக்காரங்கள தவிர எவன் எட்டிப் பாத்திருப்பான்?

அதுல என்ன இருக்குன்னு அண்ணன் சொல்லாம தாண்டிட்டாரு, நான் சொல்றேன். ராஜராஜன் பட்டத்துக்கு வந்த 2ஆம் வருஷத்து ஆணை அது. அவரோட அண்ணன் ஆதித்த கரிகாலன கொன்ன துரோகிங்கன்னு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன்னு பேர் போட்டு சொத்த பறிமுதல் பண்றாங்க. அவனுங்க சொத்தோட விட்டாங்களா? தம்பி, பிள்ளைங்க, பொண்ணு குடுத்த மாமன், தாய்மாமன், கூடப்பொறந்தவள கட்டுனவன், மகள கட்டுனவன் வரைக்கும் போகுது லிஸ்ட்டு.

இப்ப அந்த கடைசி ஆள பாருங்க. மாமனார் எங்கயோ செஞ்ச கொலைக்கு இவன் வயல் போகுது. அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து பொண்டாட்டி மூஞ்சிய எப்படி பாத்திருப்பான், மாமியாக்காரி வாய் சும்மா இருந்திருக்குமா, அவ அப்பன நெனச்சு அழுதாளா இல்ல வயல நெனச்சு அழுதாளா? கல்வெட்டுல அவளுக்கு பேரே கெடையாது, “வேட்டார்”னு, அதாவது கட்டுனவங்கன்னு, புருஷனுக்கு ஒரு அடையாளமா வர்றா, அவ்ளோதான். அவளுக்கு வாய் குடுக்கணும்னா கற்பனைய விட்டா வேற என்ன வழி இருக்கு சொல்லுங்க?

பொன்னியின் செல்வன் ஹீரோ வந்தியத்தேவன் கதையும் இதேதான். தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டுல குந்தவையோட புருஷன்னு பேர் கெடைக்குது, குதிரையும் வம்பும் வாயும் கல்கி குடுத்தது.

டால்ஸ்டாயோட ‘போரும் அமைதியும்’ நாவலுக்கு போனாலும் இதே கததான். 1812, ரஷ்யாவுல பொரொதினோங்கற எடத்துல சண்டை, நெப்போலியன் ஒரு பக்கம், ரஷ்யப் படை ஒரு பக்கம், நடுவுல கண்ணாடி போட்டுக்கிட்டு வெள்ளத் தொப்பியோட பியர்னு ஒரு கற்பனை ஆளு, எங்க நிக்கணும்னு கூட தெரியாம பீரங்கி பக்கத்துல தடுமாறிக்கிட்டு இருப்பான். நான் அந்த சண்டைய அவன் கண்ணாலதான் பாத்தேன். எந்த படை எந்தப் பக்கம் திரும்புச்சுன்னு என்னை கேட்டா தெரியாது, அந்த தொப்பி நல்லா ஞாபகம் இருக்கு.

ஒண்ணு ஒத்துக்கிறேன், கல்வெட்டு சொன்னத மாத்தி எழுதுனா தப்புதான், அதுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அது சொல்லாம விட்ட எடத்துல பூந்து எழுதுறவன குத்தம் சொல்லாதீங்கன்னுதான் கேக்குறேன்.

மணி அடிச்சுட்டீங்க, உக்காந்துடுறேன். அண்ணன் அடுத்து எந்திரிச்சு வரும்போது அந்த வயல் போன வீட்டுப் பொண்ணு பத்தி அவர் அணியில யாரு பேசப் போறான்னு மட்டும் சொல்லிட்டு ஆரம்பிக்கட்டும்.