கிணற்றுக்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர்?

நேயர்களுக்கு வணக்கம். மழை பிடித்துவிட்டால் கிணற்றில் பிளீச்சிங் பவுடரைக் கைநிறைய அள்ளி வீசுவது பல ஊர்களில் வழக்கம். கிருமியைக் கொல்வது அதிலிருந்து வரும் குளோரின். அதைக் கண்ணளவில் போட்டால் ஒன்று போதாமல் போகும், இல்லையென்றால் தண்ணீரை வாயில் வைக்க முடியாது.

முதலில் கிணற்று நீரை அளக்க வேண்டும். கிணற்றின் விட்டத்தை மீட்டரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்குங்கள். பிறகு நீரின் ஆழத்தாலும், கடைசியில் 785-ஆலும் பெருக்கினால் லிட்டர் கணக்கு வந்துவிடும். 2 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் தண்ணீரும் உள்ள கிணறு என்றால் சுமார் 9,400 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு நல்ல பவுடர் இரண்டரை கிராம் வீதம், மொத்தம் 24 கிராம் போதும். இவ்வளவுதானா என்று தோன்றும். புதுப் பவுடராக இருந்தால் இவ்வளவுதான்.

சிக்கலே அந்தப் 'புது'வில்தான் இருக்கிறது. நல்ல பவுடரில் நூற்றுக்கு 33 பங்குவரை பயன்படும் குளோரின் இருக்கும். வாய் பிரித்த மூட்டை ஈரமும் வெயிலும் பட்டுக் கிடந்தால் அது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். வாடை மட்டும் மிச்சமிருக்கும். அதை நம்ப வேண்டாம். இறுக மூடிய பிளாஸ்டிக் டிரம்மில், நிழலில் வையுங்கள்.

பவுடரை அப்படியே கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, முக்கால் வாளி நிரப்பிக் கலக்கிப் பத்து நிமிடம் தெளியவிடுங்கள். அடியில் தங்குவது சுண்ணாம்பு. அது கிணற்றில் விழுந்தால் தண்ணீரின் கடினத்தன்மைதான் கூடும். தெளிந்த நீரை மட்டும் இன்னொரு வாளியில் இறுத்து, கயிறு கட்டி நீருக்குள் இறக்கி, மேலும் கீழுமாகப் பலமுறை அசையுங்கள். மேலிருந்து ஊற்றினால் அடித்தண்ணீருக்குப் போய்ச் சேராது. ஒரு மணி நேரமாவது யாரும் இறைக்கக் கூடாது என்பதால், இரவில் கடைசிக் குடம் எடுத்தபின் செய்வதே வசதி.

பிறகு சோதனை. நீரில் மிஞ்சிய குளோரினை நிறத்தால் காட்டும் குளோரோஸ்கோப் என்ற கருவியின் குழாயில் நீரெடுத்து, ஆர்த்தோடாலிடின் என்ற சோதனைத் திரவத்தைச் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வர வேண்டும். லிட்டருக்கு அரை மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருந்தால் நல்லது. நிறமே வரவில்லையா? சேறும் மட்கிய இலையும் சாக்கடைக் கசிவும் குளோரினைத் தின்றுவிட்டன என்று அர்த்தம். இறைத்துத் தூர்வாராமல் பவுடரை மட்டும் கூட்டிக்கொண்டே போவது வீண்செலவு.

இன்னொன்று: கழிவறை கழுவும் ஆசிட்டோடு இந்தப் பவுடரைச் சேர்த்துவிடாதீர்கள். உடனே குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். அப்படி ஆகிவிட்டால், அலசிக்கொண்டு நிற்காமல் கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

குளோரினின் இனத்தைச் சேர்ந்த ஃபுளோரினால் வரும் தொல்லை வேறு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நிலத்தடி நீரில் பாறையிலிருந்து ஃபுளோரைடு கரைந்து வருகிறது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டிய நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் பிள்ளைகளின் பல்லில் கறை விழும். அளவு மிகவும் கூடினால் எலும்பும் கெடும். பிளீச்சிங் பவுடர் ஃபுளோரைடை எடுக்காது. காய்ச்சினாலும் நீர்தான் ஆவியாகும். ஃபுளோரைடு பாத்திரத்திலேயே இருக்கும். அந்த மாவட்டங்களுக்கு ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் குழாயில் கொண்டுவந்தது இதனால்தான்.