இருபத்திரண்டு வருஷம், ரெண்டு கோல்: கியரன் மெக்கீனி கதை

வணக்கம் மக்களே! இன்னிக்கு முழுக்க ஒரே ஒரு ஆளைப் பத்திதான் பேசப் போறேன். கியரன் மெக்கீனி. வட அயர்லாந்துல அர்மானு ஒரு கவுண்ட்டி, ஆப்பிள் தோட்டத்துக்குப் பேர்போனது, ஆரஞ்சு ஜெர்சி. அந்த டீமோட கேலிக் ஃபுட்பால் கேப்டனா இருந்தவர்.

கேலிக் ஃபுட்பால் புதுசா கேக்குறவங்களுக்கு: டீமுக்கு 15 பேர். பந்தைக் கையாலயும் பிடிக்கலாம், காலாலயும் உதைக்கலாம். வலைக்குள்ள போனா கோல், 3 பாயிண்ட். கம்பிக்கு மேல போனா 1 (2024 வரைக்கும் அப்படித்தான்). ஸ்கோரை 1-12னு எழுதினா 1 கோல், 12 பாயிண்ட், அதாவது மொத்தம் 15. யாருக்கும் சம்பளம் கிடையாது. வேலைக்குப் போயிட்டு வந்து ராத்திரி பயிற்சி எடுக்குறவங்க.

2002 ஆல்-அயர்லாந்து ஃபைனல், அதாவது மொத்த அயர்லாந்துக்குமான கோப்பை. டப்ளின்ல குரோக் பார்க் மைதானம். எதிர்ல கெர்ரி கவுண்ட்டி. அர்மா அதுவரைக்கும் கோப்பையைத் தொட்டதே இல்ல. அர்மா ஆட்டக்காரர் ஓஷீன் மெக்கான்வில் பெனால்டியை விட்டுட்டாரு, இடைவேளைல 4 பாயிண்ட் பின்னாடி. டிரெஸ்ஸிங் ரூம்ல மேனேஜர் ஜோ கெர்னன் ஒரு ஷீல்டை எடுக்குறாரு. 1977 ஃபைனல்ல அவரே ஆடி, 2 கோல் போட்டும் தோத்துப் போனப்ப கிடைச்ச ரன்னர்-அப் ஷீல்டு. இதுதான் உங்களுக்கும் வேணுமாங்கிற மாதிரி காட்டிட்டு, சுவத்துல ஓங்கி எறிஞ்சு உடைச்சாரு! இருபத்தஞ்சு வருஷமா வீட்டுல வெச்சிருந்த வலி அது. எனக்கு இதைச் சொல்லும்போதே சிலிர்க்குது.

அப்புறம் அதே மெக்கான்வில் கோல் போட்டாரு. 1-12க்கு 0-14. ஒரே பாயிண்ட்ல ஜெயிச்சாங்க. கோப்பையைத் தூக்கினது மெக்கீனி.

ஆட்டத்தை விட்டதும் கில்டேர் கவுண்ட்டிக்கு மேனேஜர் ஆனாரு. அங்க ஆறு சீசன். 2015 சீசன்லருந்து சொந்த அர்மா. இங்கதான் மனசு கனக்குது. 2022ல கால்வேகிட்ட பெனால்டி ஷூட்டவுட்ல தோல்வி. 2023ல டெர்ரி, அதே வருஷம் மோனஹன். 2024ல அல்ஸ்டர்ங்கிற அவங்க மாகாணத்து ஃபைனல்ல டோனிகால். நாலும் பெனால்டி! ஆட்டத்துல தோத்தா பரவால்ல, ஆடி முடிச்சு சமமா நின்னு, திரும்பத் திரும்ப அந்த 11 மீட்டர்ல போறதை யார் தாங்குவாங்க? அவர் போதும், ஆளை மாத்துங்கன்னு ஊர்லயே பேச்சு இருந்துச்சு. ஆனாலும் அர்மா அவரை விடல. எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்சதே அதுதான், ஏன்னா தோக்குற கோச்சை ஒரு சீசன் வெச்சிருக்கிறதே இப்ப அதிசயம்.

பத்தாவது சீசன், அதே 2024. செமில கெர்ரியை எக்ஸ்ட்ரா டைம்ல சாய்ச்சாங்க. ஜூலை 28, ஆல்-அயர்லாந்து ஃபைனல். எதிர்ல அந்தப் பழைய கால்வே. ஏரன் மெக்கேனு ஒரு ஃபுல் பேக், கோல் வராம காக்குறதுதான் அவர் வேலை. அவர் முன்னாடி ஓடி வந்து வலைக்குள்ள போட்டாரு பாருங்க! 1-11க்கு 0-13.

மறுபடியும் ஒரே கோல், ஒரே பாயிண்ட். அதுவரைக்கும் அர்மா ஜெயிச்ச ஆல்-அயர்லாந்து கோப்பை மொத்தமே ரெண்டு. முதல்ல கேப்டனா, அடுத்து மேனேஜரா, ரெண்டுலயும் மெக்கீனி இருந்தாரு.