யாருக்கு அடங்காத பிடாரி?

(வேலூரில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோர்க்கு வணக்கம். 'அடங்காப்பிடாரி' என்று தலைப்பு வைத்துவிட்டு, பேச ஓர் ஆம்பிளையைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். சரி, தப்பாகப் பேசினால் முன்வரிசை அக்காமார் சும்மா விடமாட்டார்கள்.

பிடாரி ஊர் எல்லையைக் காக்கிற அம்மன். ராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் கல்வெட்டில், வரி இல்லை என்று கழித்த நிலங்களைப் பாருங்கள். குளம், வாய்க்கால், சுடுகாடு வரிசையில் பிடாரி கோயிலும் இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ராஜாவே அவளிடம் வரி கேட்கவில்லை!

சிலப்பதிகாரத்துக்கு வாருங்கள். ஒற்றைச் சிலம்போடு வாசலில் நிற்கும் கண்ணகியைப் பார்த்துப் பதறிய வாயில் காவலன், இவள் கொற்றவை அல்லள், 'அறுவர்க்கு இளைய நங்கை' அல்லள், காளியும் அல்லள் என்று பாண்டியனிடம் அடுக்குகிறான். அந்த இளைய நங்கை பிடாரி என்கிறார்கள் உரைகாரர்கள். ஒரு பெண்ணின் கோபத்துக்கு ஒப்புச் சொல்ல அவனுக்குச் சாமிகள்தான் கிடைத்தன.

நம்ம வட ஆற்காட்டுப் பாரதக் கூத்தில், துரியோதனன் விழுகிற காட்சியான படுகளத்தைப் பார்க்காதவர் இங்கே இருக்கமாட்டீர்கள். மண்ணில் மல்லாந்து கிடக்கிற துரியோதனனைச் சுற்றித் திரௌபதி வேஷக்காரர் துடைப்பத்தோடு வருவார். அவன் தொடையிலிருந்து எடுத்த சிவப்பைத் தலையில் தடவிக் கூந்தல் முடிவார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

மறுநாள் அதே ஊரில், "சரியில்லேன்னு ஒதுக்கின பீடிக்குக் கூலி இல்லேன்னா பீடியைத் திருப்பிக் கொடு" என்று பீடி சுற்றுகிற பெண் ஒருத்தி கணக்கெடுப்பவரிடம் குரல் உயர்த்தட்டும். கன்னத்தில் போட்டுக்கொண்ட ஆளே "அடங்காப்பிடாரி" என்பார்.

இந்த 'அடங்கா'வைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். எல்லைப் பிடாரியை யாரும் அப்படிச் சொல்வதில்லை, அவள் அடங்கவேண்டும் என்று யாருமே எதிர்பார்க்கவில்லையே. வீட்டிலும் கூலி வாங்குகிற இடத்திலும்தான் அந்த எதிர்பார்ப்பு. யாருக்கு அடங்கவேண்டும் என்பதைச் சொல் மென்று முழுங்கிவிடுகிறது.

"ஒண்டவந்த பிடாரி ஊர்ப் பிடாரியை ஓட்டினதாம்" என்று மருமகளைச் சாடுகிற மாமியார்களைக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கணக்கில் மாமியாரும் பிடாரிதான். அது அவர்களுக்கு உறைப்பதில்லை.

ஆண்பாலில் பிடாரன் என்றால் பாம்பு பிடிக்கிறவர். 'அடங்காப்பிடாரன்' என்று எந்தத் தெருவிலாவது திட்டிக் கேட்டதுண்டா? ஆம்பிளை அடங்காவிட்டால் காளை என்று சிரிக்கிறோம். காளைக்கென்ன, நம்ம பக்கத்து எருது விடும் விழாவில் திமிறிக்கொண்டு ஓடுவதற்கே பரிசு கொடுக்கிறார்கள்.